துடைத்தும் போகாத புள்ளி

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையை நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. என் தங்கை வீட்டுச் சாப்பாட்டு மேஜையில், உப்பு டப்பாவுக்குப் பக்கத்தில் கிடந்தது. எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

ஞாயிறு மதியம் அங்கே சாப்பிடப் போவது என் வழக்கம். அன்று தங்கையும் அவளுடைய நாத்தனாரும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் மாப்பிள்ளை, அதாவது தங்கையின் கணவர், இரண்டு நாட்டுக்கு இடையே போட்ட முள்வேலி போல விறைப்பாக இருந்தார்.

“உப்பை இந்தப் பக்கம் தள்ளச் சொல்லுங்க,” என்றாள் தங்கை, கணவரிடம்.

உப்பு இருந்ததோ நாத்தனாரின் முழங்கையை ஒட்டி. மாப்பிள்ளை எழுந்தார், மேஜையைச் சுற்றிப் போனார், உப்பை எடுத்தார், மறுபடி சுற்றி வந்து மனைவியிடம் கொடுத்தார். நாத்தனார் தட்டைவிட்டுத் தலையைத் தூக்கவில்லை.

“என்ன மாப்பிள்ளை, ஏதாவது பிரச்சனையா?”

“ஒண்ணுமில்ல மச்சான். நேத்து இவங்க ரெண்டு பேரும் மேல மோதிக்கப் பார்த்தாங்க.”

“மேலன்னா? மாடியிலயா?”

“மேகத்துக்குப் பக்கத்துல.”

என் சாப்பாடு ஆறிப்போனது, கதை சூடேறிவிட்டது. (இந்த வரி கொஞ்சம் மலிவு. தங்கையும் அதையேதான் சொன்னாள். ஆனாலும் இருக்கட்டும்.)

2

தொடக்கம் எழுதிப் பார்த்தேன்.

‘அன்று வானம் நீலமாக, அமைதியாக—’

எழுதியவுடன் தங்கைக்குத் தொலைபேசியில் வாசித்துக் காட்டினேன். இந்தக் கதைக்கு அவள்தான் முதல் வாசகி, முதல் தணிக்கை அதிகாரி, முதல் வில்லி.

“நீலமா இருந்திருந்தா பிரச்சனையே வந்திருக்காதேண்ணா. வெள்ளை. எங்க பார்த்தாலும் வெள்ளை. எழுதறதுக்கு முன்னாடி கேளு.”

சரி. அடுத்தது.

‘இரண்டு வெண்பறவைகள் ஒரே மேகத்தை நோக்கி—’

இதை நானே நிறுத்திவிட்டேன். பறவைகளுக்கு நாத்தனார் கிடையாது.

ஆகவே நேராகவே சொல்கிறேன். என் தங்கையும் அவள் நாத்தனாரும் கிளைடர் ஓட்டுகிறவர்கள். கிளைடர் என்றால் இன்ஜின் இல்லாத விமானம். ஒரு குட்டி விமானம் அதைக் கயிறு கட்டி மேலே இழுத்துப் போய் விட்டுவிட்டு வந்துவிடும். அதன் பிறகு அவரவர் பாடு. வெயிலில் சுட்ட தரையிலிருந்து வெப்பக்காற்று எழும் இடத்தைத் தேடிப் பிடித்து, பருந்து வட்டமிடுவதைப் போல அதற்குள்ளேயே சுற்றிச் சுற்றி மேலே ஏற வேண்டும். நல்ல வெப்பக்காற்று எங்கே எழுகிறது என்பதை மேகம் காட்டிக்கொடுத்துவிடும். அதனால் எல்லாரும் அந்த ஒரே மேகத்துக்கு வந்து சேர்வார்கள், தெருவில் எத்தனை கடை இருந்தாலும் ஒரே டீக்கடையில் கூட்டம் அம்முவது மாதிரி.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். கிளைடரின் உடம்பு கண்ணாடி இழையும் பிசினும் சேர்த்துச் செய்தது. வெயிலில் சூடேறினால் பலம் குறையும். சூட்டைத் தள்ளுகிற நிறம் வெள்ளை. அதனால் கிட்டத்தட்ட எல்லாக் கிளைடரும் வெள்ளை. அவை தேடிப் போகிற மேகமும் வெள்ளை.

(‘இதில்தான் எத்தனை பெரிய தத்துவம்—’ என்று ஒரு பத்தி தொடங்கியிருந்தேன். மேலே ஆள்கள் காத்திருக்கிறார்கள். பிறகு பார்க்கலாம்.)

3

சனிக்கிழமை பிற்பகல். தங்கை ஒரு பக்கமிருந்து அந்த மேகத்துக்கு வருகிறாள். நாத்தனார் இன்னொரு பக்கமிருந்து அதே மேகத்துக்கு வருகிறார். இரண்டு பேரும் நேர்கோட்டில், நல்ல வேகத்தில்.

மேலேயும் சாலை விதி மாதிரி ஒரு விதி உண்டு. உங்கள் வலப்பக்கத்திலிருந்து வருகிறவருக்கு நீங்கள் வழிவிட வேண்டும். வலப்பக்கத்திலிருந்து வந்தவள் என் தங்கை. வழிவிட வேண்டியவர் நாத்தனார்.

அவர் விடவில்லை.

“திடீர்னு என் கண்ணாடி முழுக்க அவங்க வயிறுண்ணா. ஐயோ, அவங்க வயிறு இல்ல, கிளைடர் வயிறு. சக்கரத்துல ஒட்டியிருந்த சேறு தெரிஞ்சுது. காய்ஞ்ச சேறு, நடுவுல ஒரு புல்லு. அந்தப் புல்லு எந்தப் பக்கம் வளைஞ்சிருந்துதுன்னுகூட சொல்லுவேன்.”

தங்கை கிளைடரை ஓட்டுகிற குச்சியை முன்னால் தள்ளினாள். கிளைடர் மூக்கு குத்திக் கீழே பாய்ந்தது. வாயில் இருந்த மிட்டாய் மேலே போய்க் கண்ணாடி மூடியில் ஒட்டிக்கொண்டது. நாத்தனாரின் கிளைடர் அவள் தலைக்கு மேலே, ஒரு கதவு சாத்திக்கொள்வதுபோல் கடந்து போனது.

இரண்டு பேரிடமும் ரேடியோ இருந்தது. இரண்டு பேரும் அதைத் தொடவில்லை.

(குறிப்பு: பக்கத்தில் இன்னொரு கிளைடர் வந்தால் கத்துகிற கருவி ஒன்று உண்டு. ஒரு கருவி இன்னொரு கருவியோடுதான் பேசும். நாத்தனாரின் கருவி அன்று ரிப்பேருக்குப் போயிருந்தது. மனிதர்களைப் போலவே அவற்றிலும் ஒன்று பேசாவிட்டால் இன்னொன்றும் பேசாது.)

இறங்கியதும் தங்கை தலையில் இருந்த தொப்பியைக் கழற்றிப் புல்லில் எறிந்துவிட்டு நேராக நாத்தனாரிடம் போனாள்.

“என்னைப் பார்க்கலயா அண்ணி?”

நாத்தனார் சீட் பெல்ட்டை அவிழ்த்துக்கொண்டே சொன்னார்.

“பார்க்கல.”

அவ்வளவுதான். ஒரு ‘ஐயோ’ இல்லை, ஒரு ‘அடிபடலையே’ இல்லை. கல்யாணமான நாளிலிருந்து என் தங்கைக்கு ஒரே ஒரு மனக்குறை: அண்ணி தன்னைக் கண்டுகொள்வதில்லை. வீட்டுக்கு வந்தால் தம்பியைப் பார்த்துப் பேசுவார், ஜன்னலைப் பார்த்துப் பேசுவார், பூனையைப் பார்த்துக்கூடப் பேசுவார். இப்போது அதையே வானத்தில் வைத்தும் செய்துவிட்டார்.

“கண்டும் காணாம வந்தாங்கண்ணா,” என்றாள் தங்கை. “எனக்குத் தெரியும். நான் ஒதுங்கட்டும்னு.”

4

இங்கே ஒரு பாத்திரத்தைப் பற்றி எனக்குச் சந்தேகம் வந்தது.

நாத்தனாரை முதல் வரைவில் ‘மெல்லிய உதடுகளும் குளிர்ந்த பார்வையும் கொண்ட பெண்’ என்று எழுதினேன். அப்போதுதான் கதை ஓடும். என் தங்கைக்கே அது பிடிக்கவில்லை.

“உதடு எல்லாம் நல்லாத்தான் இருக்கும். நீ ஏன் அதுல கை வைக்கிற?”

சரி, உதட்டை விட்டுவிடுகிறேன். அவர் மயக்க மருந்து டாக்டர். அறுவை சிகிச்சைக்கு வருகிறவரைத் தூங்க வைத்துவிட்டு, அவர் மறுபடி கண் விழிக்கும்வரை தான் மட்டும் கண் கொட்டாமல் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது அவர் தொழில். மூச்சு கொஞ்சம் பிசகினால், நாடி கொஞ்சம் தடுமாறினால் முதலில் அவருக்குத்தான் தெரியும். தெரிந்தவர்களிடம் அவரைப் பற்றி விசாரித்தேன். எல்லாரும் ஒன்றுபோல் சொன்னது: “அவங்க கண்ணுல எதுவும் தப்பாது.”

இது என் தங்கையின் கட்சிக்கு ரொம்பச் சாதகமாகப் போய்விட்டது.

மாப்பிள்ளை மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். (பார்வை பற்றிய கதையில் கண்ணாடிக் கடைக்காரர் வருவது ரொம்ப வசதியாக இருக்கிறதே என்று நினைப்பீர்கள். நானும் நினைத்தேன். அவரைத் தச்சராக்கிப் பார்த்தேன். அடுத்து வருகிற காட்சி போய்விட்டது. மன்னித்துவிடுங்கள், அவர் நிஜமாகவே கண்ணாடிக் கடைக்காரர்தான்.) சமாதானம் பண்ணிவைக்க அவருக்கு ஒரு யோசனை தோன்றியது. அக்காவுக்குக் கண்ணில் ஏதோ சின்னக் கோளாறு என்று தெரிந்துவிட்டால் கதை முடிந்தது. ஒரு கண்ணாடி மாட்டிவிட்டு எல்லாரும் சேர்ந்து சாப்பிடலாம்.

கடையை மதியம் சாத்திவிட்டு இரண்டு பேரையும் அடுத்தடுத்து உட்கார வைத்தார். தனக்கு ஓரவஞ்சனை இல்லை என்று காட்ட மனைவிக்கும் சோதனை. எனக்கு ஓரத்தில் ஒரு ஸ்டூல்.

நாத்தனார் பலகையில் மேலிருந்து கீழ்வரை மளமளவென்று வாசித்தார். கடைசி வரி முடிந்ததும் அதற்குக் கீழே பொடி எழுத்தில் இருந்த அச்சகத்தின் பெயரையும் வாசித்தார்.

“அது சோதனையில கிடையாதுக்கா,” என்றார் மாப்பிள்ளை பாவமாக.

“தெரியுது, படிச்சேன்.”

தங்கையும் விடவில்லை. அச்சகத்தின் பெயரை மட்டுமில்லை, தொலைபேசி எண்ணையும் வாசித்தாள்.

“கேட்டுக்கோங்க,” என்றாள் கணவரிடம். “தூசி தும்பு எல்லாம் தெரியுது. இவ்ளோ பெரிய ரெக்கையோட நான் வந்தா மட்டும் தெரியாதாம்.”

நாத்தனார் கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். மாப்பிள்ளை விளக்கை அணைத்துவிட்டு, இருட்டில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார்.

“நான் உண்டு என் லென்ஸ் உண்டுன்னு இருந்திருக்கணும் மச்சான்.”

5

பறப்பவர்களின் சங்கத்தில் கூட்டம் போட்டார்கள். கிளைடர்களை நிறுத்திவைக்கும் தகரக் கொட்டகையில், இறக்கைகளுக்கு நடுவே குனிந்து குனிந்து நாற்காலி போட்டு.

பேசியவர் பெயர் கயிறு. அதாவது, எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். கிளைடர்களை மேலே இழுத்துப் போகிற குட்டி விமானத்தை ஓட்டுபவர் அவர்தான். பாதுகாப்புக்கும் அவர்தான் பொறுப்பு.

“யார் மேல தப்புங்கிறதை அப்புறம் வச்சுக்கலாம். நம்ம வண்டி எல்லாம் பால் கலர். மேகமும் பால் கலர். பாலுக்குள்ள பாலைத் தேடிக்கிட்டு இருக்கோம். கண்ணுக்குத் தெரியற மாதிரி ஏதாவது பண்ணியாகணும். இந்த வாட்டி தப்பிச்சுது. அடுத்த வாட்டி நான் ரெண்டு பேர் வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்ட முடியாது.”

அதுவரை எனக்கு இது ஒரு குடும்பச் சண்டை. மோதியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நான் யோசித்தே பார்க்கவில்லை. ஒரே குடும்பத்தில் இரண்டு பேர். மாப்பிள்ளை ஒரே நாளில் மனைவியையும் அக்காவையும்—

(இந்த வாக்கியத்தை முடிக்க எனக்கு விருப்பமில்லை.)

என் தங்கை எழுந்தாள். அவளுக்குத் தொழில் ஸ்டிக்கர். பஸ் முழுக்க விளம்பரம் ஒட்டுவது, கடைக் கண்ணாடியில் எழுத்து ஒட்டுவது. “எங்கிட்ட விடுங்க. பளபளன்னு ஆரஞ்சு இருக்கு. ரோட்டு வேலை செய்யறவங்க போடற சட்டை கலர். ரெக்கை நுனி, மூக்கு, வால் எல்லாத்துலயும் ஒட்டிடறேன். கண்ணு இல்லாதவங்களுக்கும் தெரியும்.”

கடைசி வாக்கியம் யாருக்கு என்று எல்லாருக்கும் புரிந்தது.

ஒருவர் முனகினார். கிளைடரின் வழவழப்புக் கெட்டுப் போகுமாம், வேகம் குறையுமாம். “கல்யாணப் பொண்ணு மூஞ்சியில பிளாஸ்திரி ஒட்டுற மாதிரி இருக்கும்.”

பின்வரிசையிலிருந்து நாத்தனாரின் குரல் வந்தது.

“ஒட்டட்டும். முதல்ல என் வண்டியில ஒட்டட்டும்.”

ஒட்டினாள். அப்படி ஒரு ஆனந்தத்தோடு அவள் வேலை செய்து நான் பார்த்ததில்லை. வேலை முடிந்தபோது நாத்தனாரின் அழகான கிளைடர் சாலையில் பள்ளம் தோண்டினால் குறுக்கே வைக்கிற தடுப்பு மாதிரி நின்றது. நாத்தனார் அதைச் சுற்றி நடந்து பார்த்தார். ஒரு மூலை சரியாக ஒட்டாமல் எழும்பியிருந்ததை மட்டும் விரலால் அழுத்திவிட்டுப் போனார்.

6

கதைப்படி இப்போது ஆரஞ்சு வெற்றி பெற வேண்டும். நானும் அப்படித்தான் எதிர்பார்த்து, ‘வானில் ஒரு ஆரஞ்சுப் பூ—’ என்று ஒரு வரியைத் தயாராக வைத்திருந்தேன். அது வீணாகப் போனது.

கயிறு ஒரு சோதனை வைத்தார். ஒரே வழியில் தூரமாகப் போய்த் திரும்பி வர மூன்று கிளைடர். ஆரஞ்சு ஒட்டியது, அதை நாத்தனாரே ஓட்டினார். என் தங்கையின் வெள்ளைக் கிளைடர், எதுவும் ஒட்டாமல்; அதை இன்னொரு உறுப்பினர் ஓட்டினார். மூன்றாவது, வாலில் அசைகிற பகுதியில் மட்டும் கண்ணாடி போல மின்னுகிற தாளை ஒட்டியது. அந்தத் தாள் தங்கையின் கடையில் மிஞ்சிக் கிடந்தது. கயிறு கேட்டாரே என்று வேண்டாவெறுப்பாக ஒட்டிக் கொடுத்திருந்தாள்.

நாங்கள் புல்லில் தார்ப்பாய் விரித்து மல்லாந்து படுத்துக்கொண்டோம். கண்ணுக்குத் தெரிகிறவரை ‘இருக்கு’, மறைந்ததும் ‘போச்சு’ என்று கத்த வேண்டும். படித்தவர்கள், பதவியில் இருப்பவர்கள் எல்லாரும் படுத்துக்கொண்டு வானத்தைப் பார்த்து ‘இருக்கு, இருக்கு’ என்று கத்துவதை வழியில் போகிறவர்கள் பார்த்தால் என்ன நினைத்திருப்பார்கள் என்று தெரியவில்லை.

முதலில் ‘போச்சு’ வாங்கியது ஆரஞ்சு.

தூரம் போகப் போக அந்த நிறம் நிறமாகவே இல்லை. மங்கிச் சாம்பலாகிவிட்டது. இதோடு இன்னொரு கூத்து. நீளமான வெள்ளை இறக்கை நீளமாக இருப்பதால்தான் கொஞ்சமாவது கண்ணில் படுகிறது. ஆரஞ்சுத் துண்டுகள் அதை அங்கங்கே வெட்டிப் போட்டுவிட்டன. ஒரு கோடு நாலு புள்ளியானது. புள்ளிகளை வானம் விழுங்கிவிட்டது.

தங்கை எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

“வெயில் சரியில்ல.”

“வெயில் எல்லாத்துக்கும் ஒண்ணுதான்,” என்றார் பக்கத்தில் படுத்திருந்தவர்.

மின்னுகிற வால் மட்டும், ஓட்டுபவர் காலால் மிதித்து வாலை அசைக்கும்போதெல்லாம், சூரியனை வாங்கி ஒரு வெட்டு வெட்டியது. பளிச். எல்லாரும் ஒரே நேரத்தில் “அங்க!” என்றார்கள். சும்மா போகும்போது அதுவும் காணாமல்தான் போனது. ஆனாலும் அந்த ஒரு பளிச், பார்க்காத கண்ணையும் திருப்பியது.

அடுத்து, கயிறு என் தங்கையைத் தன் விமானத்தில் பின்னால் உட்கார வைத்து மேலே கூட்டிப் போனார். ஒரு பெரிய வெள்ளை மேகத்தின் பக்கமாக.

“உன் வண்டி வந்துக்கிட்டு இருக்கு. வலப்பக்கம், மேகத்துக்குக் கொஞ்சம் கீழ. பார்த்துட்டுச் சொல்லு.”

“எங்க?”

“வலப்பக்கம்.”

“காணோமே.”

“நல்லாப் பாரு. நேரா நம்மளைப் பார்த்துதான் வருது.”

அவள் பார்த்தாள். எந்த இடத்தில் என்று தெரியும், என்ன வருகிறது என்று தெரியும், அது தன்னுடைய கிளைடர் என்றுகூடத் தெரியும். ஒன்றும் இல்லை. மேகம் மட்டும். கயிறு திருப்பி ஒதுங்கிய அந்த நொடியில்தான் அவளுக்கு அது கிடைத்தது.

இறங்கி வந்து தார்ப்பாயில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். புல்லைப் பிய்த்துக்கொண்டிருந்தாள்.

“அது வரவே இல்லண்ணா. திடீர்னு இருந்துச்சு.”

நான் ஒரு கேள்வி கேட்டேன். கதாசிரியனாக இந்தக் கதையில் நான் உருப்படியாகச் செய்தது அது ஒன்றுதான்.

“அன்னைக்கு நீ அண்ணியைப் பார்த்தியா?”

“பார்த்தனே. சக்கரம், சேறு, புல்லு எல்லாம்...”

“அதுக்கு முன்னாடி?”

பிய்த்த புல்லைத் தூரப் போட்டாள்.

7

அடுத்த நாள் மதியம். கொட்டகையில் ஆரஞ்சைப் பிய்க்கிற வேலை. ஒட்டியது ஒரு மணி நேர ஆனந்தம் என்றால் பிய்ப்பது அரை நாள் தண்டனை. சூடான காற்றை ஊதுகிற துப்பாக்கி ஒன்றை வைத்துக்கொண்டு ஸ்டிக்கரை இளக்க வேண்டும், நகத்தால் நோண்டி மெதுவாக உரிக்க வேண்டும். பசை ஒட்டியிருந்தால் துணியால் துடைக்க வேண்டும். குப்பைப் பையைப் பிடிக்கிற உத்தியோகம் எனக்கு.

யாரும் கூப்பிடாமலே நாத்தனார் வந்தார். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு இறக்கையின் மறுபக்கம் நின்று உரிக்க ஆரம்பித்தார். இரண்டு பேருக்கும் நடுவே இறக்கை. ஸ்டிக்கர் சர் சர் என்று உரிந்தது.

“அண்ணி,” என்றாள் தங்கை, இறக்கையைப் பார்த்தபடி. “அன்னைக்கு நீங்க பார்க்கலன்னு சொன்னது நெசம்தான். நான்தான் தப்பா நினைச்சுட்டேன்.”

“நெசம் இல்ல,” என்றார் நாத்தனார்.

நான் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

“பார்த்தேன்.”

தங்கை துப்பாக்கியை அணைத்தாள்.

“வலப்பக்கக் கண்ணாடியில ஒரு புள்ளி. குட்டியா, கோடு மாதிரி. பூச்சி கீச்சி அடிச்சிருக்கும், அழுக்குன்னு நினைச்சேன். அசையவே இல்ல. பறக்கிறது எதுவா இருந்தாலும் அசையணும்ல? இது அதே இடத்துல அப்படியே ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. கட்டை விரலால தேய்ச்சேன்.”

“என்னையா?”

“உன்னைத்தான்.”

“அழுக்குன்னு.”

“ம்.”

(இந்த இடத்தில் வாசகருக்கு ஒரு விளக்கம் தேவை, எனக்கும் மூச்சு வாங்க ஒரு இடைவெளி தேவை. இரண்டு பேர் இரண்டு பக்கமிருந்து ஒரே புள்ளிக்கு நேராக வந்தால், ஒருவர் கண்ணுக்கு மற்றவர் நகரவே மாட்டார். முன்னால் போய்விடப் போகிறவர் கண்ணாடியில் முன்னால் நகர்ந்து தெரிவார். பின்தங்கப் போகிறவர் பின்னால் நகர்ந்து தெரிவார். மோதப் போகிறவர் மட்டும் அதே இடத்தில் அசையாமல் இருப்பார். கடைசியில் பெரிதாவார். கயிறு பிறகு இதை இரண்டு பேனாவை வைத்து எனக்கு விளக்கினார்.)

“ஏன் அன்னைக்கே சொல்லல?”

“எப்படிச் சொல்றது? ‘உன்னை அழுக்குன்னு நினைச்சு துடைச்சேன்’னு தம்பி பொண்டாட்டிகிட்ட எந்த நாத்தனாராவது சொல்ல முடியுமா? ஏழு தலைமுறைக்குச் சொல்லிக் காட்டுவீங்க. பார்க்கலன்னு சொன்னா தப்பு என் மேல, அதோட போச்சு.” ஒரு துண்டு ஆரஞ்சை உரித்துக் கையிலேயே உருட்டினார். “நாள் பூரா அசையறதைத்தான் பார்க்கிறேன். மூச்சு, நாடி, திரையில ஓடுற கோடு. அசையாததைப் பார்க்கணும்னு எனக்குத் தோணவே இல்ல. கை தேய்ச்சுக்கிட்டு இருக்கு, நீ வந்துக்கிட்டு இருக்க. அந்தக் கையை இப்பவும் பார்க்கப் பிடிக்கல.”

தங்கை நிமிர்ந்தாள். அவள் முகத்தில் என்ன வரப்போகிறது என்று எனக்குப் பயமாக இருந்தது. இவ்வளவு வருஷ மனக்குறைக்கும் இப்போது சாட்சி கிடைத்துவிட்டது. அழுக்கு என்றே நினைத்திருக்கிறார். அவரே ஒப்புக்கொண்டுவிட்டார்.

“போச்சா?” என்றாள்.

“என்னது?”

“தேய்ச்சீங்களே. போச்சா?”

நாத்தனார் அவளைப் பார்த்தார். ஜன்னலை இல்லை, பூனையை இல்லை, அவளை.

“போகல. பெருசாச்சு.”

8

இதற்குப் பிறகு அந்தக் கொட்டகையில் நடந்ததை எழுதக் கூடாது என்று இரண்டு பேரும் எனக்குத் தனித்தனியாகத் தடை போட்டிருக்கிறார்கள். ஆகவே கற்பனையில் முடித்துப் பார்த்தேன்.

முதல் முடிவு: இருவரும் கட்டிக்கொண்டு அழுகிறார்கள். தங்கை வாசித்துவிட்டு, “நாங்க என்ன சோப்பு விளம்பரமா?” என்றாள்.

இன்னொரு முடிவு: தங்கை துப்பாக்கியைப் போட்டுவிட்டு வெளியே போகிறாள், அந்தக் குடும்பத்தில் மறுபடியும் உப்பு டப்பா சுற்றி வருகிறது. இதை நாத்தனாருக்கு அனுப்பினேன். “எழுத்தாளரே, உங்களுக்கு ஆபரேஷன் ஏதாவது வேணும்னா எங்க ஆஸ்பத்திரிக்கு வராதீங்க” என்று பதில் வந்தது.

மூன்றாவதாக ஒன்று: ‘நாம் எல்லாரும் ஒருவரையொருவர் அழுக்கென்று நினைத்து—’

கிழித்துவிட்டேன்.

எழுத அனுமதி கிடைத்தது இவ்வளவுதான். அடுத்த கூட்டத்தில் சொல்லியே ஆக வேண்டும் என்று தங்கை பிடிவாதம் பிடித்தாள். “நாத்தனார் மானம் போகும்,” என்றார் நாத்தனார். “போகட்டும் அண்ணி. இன்னொருத்தர் துடைச்சுக்கிட்டு இருந்தா உயிர் போகும்,” என்றாள் இவள்.

நாத்தனார் எழுந்து நின்று சொன்னார். புள்ளி, கட்டை விரல், அழுக்கு, எல்லாம். ஒருவர் சிரித்தார். பிறகு எல்லாரும் சிரித்தார்கள். என் தங்கை எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தாள்.

சிரிப்பு அடங்கும்போது, பிளாஸ்திரி என்று முனகினாரே, அவர் கையைத் தூக்கினார்.

“நானும் ஒரு தடவை துடைச்சிருக்கேன்,” என்றார். “கைக்குட்டையால. இத்தனை நாளா யார்கிட்டயும் சொல்லல.”

இன்னொரு கை எழுந்தது. அந்தப் பக்கம் இன்னொன்று. கயிறு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். யாரும் சிரிக்கவில்லை.

9

இன்று சனிக்கிழமை. இந்த வரிகளைப் புல்வெளி ஓரத்தில், ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து எழுதுகிறேன். எல்லாக் கிளைடரின் வாலிலும் மின்னுகிற தாள். கொட்டகைக் கதவில் தங்கை பெரிய எழுத்தில் ஒட்டியிருக்கிறாள்: ‘அசையாத புள்ளியைத் துடைக்காதே. திரும்பு.’ ரிப்பேருக்குப் போன கருவி வந்துவிட்டது. இருந்தாலும் வானம் வெள்ளைதான். மேகமும் அதே பால்தான். என்ன ஒட்டினாலும் வெயில் படாத பக்கம் மின்னாது என்று கயிறு காலையிலேயே சொல்லிவிட்டார்.

மாப்பிள்ளை என் பக்கத்து நாற்காலியில். இவ்வளவு நாளில் ஒருமுறைகூட இங்கே வராதவர் இன்று கடையைச் சாத்திவிட்டு வந்திருக்கிறார். தன் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கப் போனார். பிறகு துடைக்காமல் மாட்டிக்கொண்டார்.

இரண்டு பேரும் மேலே இருக்கிறார்கள். ஒரே மேகத்துக்குப் போகிறார்கள். எங்கள் கால்மாட்டில் ரேடியோ.

இந்தக் கதைக்கு நான்கு பக்கத்துக்கு முன்பே ஒரு நல்ல முடிவு கிடைத்திருந்தது. ‘போகல, பெருசாச்சு’ என்பதோடு நிறுத்தியிருக்கலாம். பத்திரிகை ஆசிரியரும் அதையேதான் சொல்வார். ஆனால் அவர்கள் அதோடு நிற்கவில்லையே. மறுபடியும் மேலே போய்விட்டார்கள்.

ரேடியோ கரகரக்கிறது.

“அண்ணி, எங்க இருக்கீங்க? எனக்குத் தெரியல.”

“உனக்கு வலப்பக்கம். கொஞ்சம் மேல.”

“தெரியல அண்ணி.”

“வாலை ஆட்டறேன், பாரு.”

“இல்ல. தெரியல. பேசிக்கிட்டே இருங்க.”

“பேசறேன். நீ திரும்பாத, நான் திரும்பறேன். இப்ப?”

மாப்பிள்ளை எழுந்து நின்றுவிட்டார். “மச்சான், எழுதினது போதும், ஒரு கண்ணு சேர்த்துப் பாருங்க,” என்கிறார். அவர் சொல்வது சரி. குனிந்துகொண்டே மேலே பார்க்க முடியாது. நீங்களும் இவ்வளவு நேரமாகக் குனிந்துதான் இருக்கிறீர்கள்.

மீதியை நீங்களே முடித்துக்கொள்ளுங்கள். நான் பேனாவை மூடுகிறேன். ரேடியோவில் அண்ணி இன்னும் பேசிக்கொண்டுதான் இருக்கிறார்.